பெரட்டில் ஒரு தலை அதிகம்

செப்டம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை, காலை 11.05. மந்தினிலிருந்து ஆறு கிலோமீட்டர் உள்ளே, கென்மோர் தோட்டத்தின் பழைய கிராணி பங்களா. முன்கூடத்தில் ஆறு பேர் இருந்தார்கள். யார் எங்கே உட்கார்ந்திருந்தார் என்பது பின்னால் தேவைப்படும். அதனால் முதலில் அது.

நீள மேசையின் தலைப்பக்கம், மின்விசிறிக்கு நேர் கீழே, வீட்டுக்காரர் பெர்னார்ட். வயது எழுபத்தொன்று. இதே தோட்டத்து அலுவலகத்தில் சின்னக் கிராணியாக, அதாவது இளநிலைக் குமாஸ்தாவாகச் சேர்ந்து பெரிய கிராணியாக ஓய்வு பெற்றவர். அவருக்கு வலப்பக்கம் சிரம்பான் துணி வியாபாரி வைரவன். அடுத்து அவர் மனைவி சிட்டாள், மடியில் பிரிக்காத பொன்னாடைப் பொட்டலத்தோடு. இடப்பக்கம் புனிதன், மந்தின் தபால் நிலையக் கவுண்டரில் முப்பத்தாறு வருடம் நின்று ஓய்வு பெற்றவர். வாசலை ஒட்டிய பிரம்பு நாற்காலியில் பெர்னார்டின் மகன் ஆரோன், கோலாலம்பூரிலிருந்து முதல்நாள் வந்தவன். மேசையின் கடைசியில், பிளாஸ்டிக் நாற்காலியில், மம்பாவிலிருந்து வைரவனின் காரில் வந்திருந்த தாயம்மா. வயது எழுபது. அவர் முதுகுக்குப் பின்னால் இரண்டடியில் புத்தக அறைக் கதவு. 10.40க்குப் பெர்னார்டே பூட்டைத் திறந்து, அந்தக் கதவைச் சாத்தாமல் விட்டிருந்தார்.

"நம்பர் ஒன்ன எடுத்துட்டு வர்றேன்" என்று எழுந்து உள்ளே போன பெர்னார்ட், ஒரு நிமிடத்தில் வெறுங்கையோடு திரும்பினார்.

"புத்தகம் இல்ல."

"எது இல்ல?" என்றார் வைரவன்.

"நம்பர் ஒன்னு. ஸ்டாண்டு மட்டும் நிக்குது."

பெர்னார்ட் சேர்ப்பது ஒரே வகைப் புத்தகங்களைத்தான். தமிழில் வந்த விஞ்ஞானக் கதைகள், பேய்க் கதைகள், அதிலும் முதற்பதிப்பு, அதிலும் எழுதியவர் கையெழுத்துப் போட்ட பிரதி. சென்னை, சிங்கப்பூர், பினாங்கு என்று நாற்பத்தைந்து வருடத் தேடல். கோலாலம்பூரில் ஒரு தனியார் நூலகம் அவ்வளவையும் வாங்கிக்கொண்டு, வைக்கப்போகும் அறைக்கு அவர் பெயரையே சூட்டுவதாக எழுதியிருந்தது. வியாழக்கிழமை லாரி வருகிறது.

அதில் எண் ஒன்று, 'செவ்வாயில் பெரட்டு'. எழுதியவர் க. இராஜமாணிக்கம், இதே கென்மோரில் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரம் சீவிப் பால் எடுத்தவர். 1977இல் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, சிரம்பானில் ஓர் அச்சகத்தில் இருநூறு பிரதி போட்டார். 1979இல் ரப்பர் பால் லாரி கவிழ்ந்து செத்துப்போனார். கையெழுத்தோடு இருப்பதாகத் தெரிந்த பிரதி இது ஒன்றுதான். கதையும் தோட்டக்காரன் கதைதான். செவ்வாய்க் கிரகத்துச் செம்மண்ணில் ஒரு தோட்டம். விடிகாலையில் பெரட்டு, அதாவது வேலைக்கு முன் வரிசையில் நிறுத்தி ஆள் எண்ணுவது. பட்டியலில் அறுபது பேர். நேற்று ஒருவன் செத்தான். இன்று நிற்கவேண்டியது ஐம்பத்தொன்பது. கங்காணி எண்ணுகிறான், அறுபது வருகிறது. மறுபடி எண்ணுகிறான், அறுபது. யார் அந்த அதிகப்படி ஆள் என்று முகம் முகமாகப் பார்த்துக்கொண்டு போவதுதான் மீதிக் கதை.

தாயம்மா அந்த இராஜமாணிக்கத்தின் மனைவி. வைரவன் அவரைத் தேடிப் பிடித்தது போன வாரம்தான். பொன்னாடை போர்த்தி, புத்தகத்தைக் கையில் கொடுத்து ஒரு படம் எடுப்பதாக ஏற்பாடு.

"கதவுக்குப் பக்கத்துல யாரு உக்காந்திருக்கா பாருங்க" என்றார் பெர்னார்ட். "பத்து அம்பதுக்கு எந்திரிச்சு உள்ள போனது யாரு?"

எல்லாரும் தாயம்மாவைப் பார்த்தார்கள்.

"கை கழுவப் போனேன் கிராணி ஐயா."

"பையக் காட்டச் சொல்லுங்க."

"என்ன பெர்னார்ட் இது" என்றார் வைரவன்.

"உங்க வீட்ல தொலைஞ்சா நீங்க சும்மா இருப்பீங்களா? ஆச்சி, நீங்களே பாருங்க. பொம்பளைக்குப் பொம்பள."

சிட்டாள் கணவர் முகத்தைப் பார்த்தார். அவர் கண்ணைத் திருப்பிக்கொண்டார். தாயம்மாவே பையை மேசைமேல் வைத்தார். சிட்டாள் ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார்.

ஒரு துண்டு. பிரஷர் மாத்திரை அட்டை. பாதி தின்ற பன். பஸ் அட்டை. சந்தனக் கட்டை ஒரு விரல் நீளம். தமிழ்ப் பேப்பரில் மடித்த பொட்டலம் ஒன்று, பிரித்தால் குங்குமம்.

"இது எதுக்கு?" என்றார் பெர்னார்ட்.

"புதன்கிழமை சரஸ்வதி பூசைங்க. அவரு புத்தகம் இங்க இருக்குன்னாங்க. இருக்கிற இடத்துலயே ஒரு பொட்டு வச்சிட்டுப் போலாம்னு."

"பொட்டா. என் புத்தகத்துலயா." பெர்னார்ட் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "பையில இல்லன்னா பாத்ரூம் ஜன்னல் வழியா யாருக்காச்சும் குடுத்திருப்பாங்க. போலீசுக்குப் போன் போடு ஆரோன்."

சிட்டாள் குங்குமத்தை முன்பிருந்த மடிப்பிலேயே மடித்து வைத்தார். தாயம்மா இதே தோட்டத்தில் இருபது வருடம் மரம் வெட்டியவர். ஒரு கட்டி ரப்பர் கூட வீட்டுக்குக் கொண்டுபோகாதவர். இன்று போலீஸ் ஜீப்பில் ஏறினால், மம்பாவில் மருமகன் வீட்டுப் படியை மறுபடி எந்த முகத்தோடு மிதிப்பது என்பதே அவருக்கு ஓடிக்கொண்டிருந்தது.

புனிதன்தான் வாயைத் திறந்தார்.

"போலீஸ் எங்கயும் ஓடிப் போவாது. எனக்கு அரை மணி குடுங்க. 11.45க்கு நீங்களே போன் போடுங்க பெர்னார்ட்."

"நீ என்ன, டிடெக்டிவா லா?"

"தொலைஞ்ச பார்சல எத்தன தேடியிருப்பேன். பாதி நேரம் அது ஆபீஸ விட்டே வெளிய போயிருக்காது."

11.12. ஆரோன், வாசல்படியில்.

"கடைசியா எப்ப பார்த்த?"

"ஒம்பது மணி அங்கிள். அப்பா காட்டினாரு. ஸ்டாண்டுல இருந்துச்சு."

"அப்புறம்?"

"ஒம்பது பத்துக்கு வைரவன் அங்கிள் போன் பண்ணாரு. பேசிட்டு அப்பா திரும்ப உள்ள போயிட்டாரு. கோப்பி கொண்டுபோய் தட்டினேன், தொறக்கல. ஏர்கான் குளிர் வெளிய போயிடும்னாரு. பத்து மணிக்குத்தான் வந்தாரு."

"ரூமுக்கு வேற வழி?"

"ஜன்னல் எல்லாம் சிமெண்ட் வச்சு அடச்சாச்சு. அம்மா இருக்கும்போதே." ஆரோன் செருப்பு நுனியால் படியைச் சுரண்டினான். "எங்க வீட்ல மொத ஏர்கான் அந்த ரூமுக்குத்தான். அம்மா ஆஸ்மாவோட ஹால்ல படுத்திருந்தாங்க."

11.18. வைரவன், காருக்குப் பக்கத்தில்.

"தாயம்மா வர்றது பெர்னார்டுக்கு எப்ப தெரியும்?"

"காலைல போன்லதான் சொன்னேன். சர்ப்ரைஸா வச்சிருந்தேன். ஆச்சிதான் பிடிச்சுத் திட்டினா, வீட்டுக்காரர்ட்ட கேக்காம ஆளக் கூட்டிட்டுப் போறதாவதுன்னு."

"என்ன சொன்னாரு?"

"ஒன்னுமே சொல்லல. லைன் கட்டாயிடுச்சோன்னு ரெண்டு தடவ ஹலோ ஹலோன்னேன்."

"நீங்க எடுத்தீங்களா?"

வைரவன் கோபப்படவில்லை. "ஆசை இல்லன்னு சொல்ல மாட்டேன். இருபது வருஷமா கேக்குறேன், தொடக்கூட விட மாட்டாரு. ஆனா எடுத்து எங்க வைக்கிறது? நாலு பேருக்குக் காட்ட முடியாத புத்தகம் நமக்கு எதுக்கு?"

புனிதன் அடுப்படிக்குப் போய், குடித்து முடித்த டீ பையைக் குப்பை டின்னில் போட்டார். டின்னின் மேல்மட்டத்தில் பழுப்புத் தாளின் கத்தரித்த ஓரங்கள் கிடந்தன, விரல் அகலத்தில், நான்கு துண்டு.

11.24. தாயம்மா, பின்கட்டுக் குழாயடியில். திரும்பவும் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"அம்மா, புத்தக ரூமுக்குள்ள போனீங்களா?"

"இல்ல தம்பி. குளுகுளுன்னு காத்து வந்துச்சு. எட்டிப் பார்க்க ஆசைதான். அவங்களா கூப்பிடட்டும்னு வந்துட்டேன்."

"உங்ககிட்ட அந்தப் புத்தகம் ஒன்னுகூட இல்லியா?"

"இருந்துச்சு, ஒன்னு. அவரு எனக்குன்னு எழுதிக் குடுத்தது. மேல ஒரு வரி, நீளமா. கீழ கையெழுத்து. எனக்கு அப்ப படிக்கத் தெரியாது. இப்ப மட்டும் என்ன, பஸ் நம்பர்தான் படிப்பேன். என்னங்க எழுதிருக்குன்னு கேட்டேன். படிக்கக் கத்துக்க, அப்ப தெரியும்னு சிரிச்சாரு."

"யாரையாவது படிக்கச் சொல்லியிருக்கலாமே?"

"வெக்கமா இருந்துச்சு. புருசன் எழுதினத அடுத்தவங்க வாயில கேக்குறதா?" குழாயை மூடினார். "இறந்த பிறகு கேட்டிருப்பேன். அதுக்குள்ள புத்தகம் போயிடுச்சு. சேமநிதிப் பணம் கேட்டு எழுதுற பாரத்துக்கு அவரு கையெழுத்து சரி பார்க்கணும்னு ஆபீஸ்ல கேட்டாங்க. வீட்ல அவரு கையெழுத்து உள்ளது அது ஒன்னுதான். சின்னக் கிராணிகிட்ட குடுத்தேன். காயிதக் கட்டோட தொலைஞ்சு போச்சுன்னாங்க. சரின்னுட்டேன்."

"இன்னைக்கு எதுக்கும்மா வந்தீங்க?"

"இந்தப் புத்தகத்துலயும் ஏதாச்சும் வரி எழுதியிருப்பாருல்ல. மத்தவங்களுக்கு எழுதினதாவது என்னன்னு யாராச்சும் படிச்சா கேக்கலாம்னு."

11.30. புத்தக அறை. பதினெட்டு டிகிரி. ஈரம் உறிஞ்சும் இயந்திரம் மூலையில் இரைந்துகொண்டிருந்தது. நான்கு தட்டு அலமாரிகள். மேல் தட்டுகளில் ஒவ்வொரு புத்தகத்துக்கும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறை. கீழ்த்தட்டில் மட்டும், அட்டை நைந்த பழைய பேய்க் கதைகள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடுவது போலப் பழுப்புத் தாள் உறையில், முதுகில் பென்சில் எண்ணோடு.

கதவருகே விவர அட்டைகள் அடுக்கிய பெட்டி. புத்தகத்துக்கு ஓர் அட்டை. கடைசி அட்டையின் எண் 212. புனிதன் முதல் அட்டையை எடுத்தார். இந்த வீட்டுக்கு வந்துபோன ஒன்பது வருடத்தில் அவர் எத்தனையோ முறை படித்த அட்டைதான்.

'எண் 1. செவ்வாயில் பெரட்டு. க. இராஜமாணிக்கம். முதற்பதிப்பு, 1977. தலைப்புப் பக்கத்தில் ஆசிரியர் கையொப்பம், நீல மை. 14.8.1977 அன்று ஆசிரியர் என்னிடம் நேரில் தந்தது. அன்று முதல் என் வசம். குறைகள்: முன் அட்டை, வலது மேல் மூலையில் சிவப்பு மைக் கறை, சுற்றிலும் வெளிர் மஞ்சள் வளையம். தலைப்புப் பக்கம் மட்டும் மேல்விளிம்பில் அரை அங்குலம் குறைவு, அச்சகத்தில் வெட்டியது.'

அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலமாரிக்கு வந்தார். முதல் தட்டின் இடது கோடியிலிருந்து, ஒவ்வொரு முதுகையும் விரலால் தொட்டு எண்ணினார். 212 வந்தது. வலது கோடியிலிருந்து திரும்ப எண்ணினார். 212. பிறகு குனிந்து, கீழ்த்தட்டின் பென்சில் எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எதையும் வெளியே எடுக்கவில்லை.

11.44. முன்கூடம். எல்லாரும் முதலில் இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

"போன் போடலாமா?" என்றார் பெர்னார்ட்.

"ஒரு நிமிசம். தாயம்மாக்கா, உங்க புத்தகத்துக்கு சரஸ்வதி பூசைல பொட்டு வச்சீங்களா?"

"ரெண்டு வருஷம் வச்சேன். மூனாவது பூசைக்கு அவரும் இல்ல, புத்தகமும் இல்ல."

"எந்த இடத்துல?"

"மூலையில." தாயம்மா காற்றில் ஒரு புத்தகத்தைப் பிடித்து, வலது மேல் மூலையைத் தொட்டார். "நடுவுல வைக்கப் போனேன். அட்டைப் படம் மறைஞ்சிடும், ஓரமா வையின்னாரு."

புனிதன் அட்டையைப் பையிலிருந்து எடுத்து வைரவனிடம் நீட்டினார்.

"குறைகள்னு இருக்கிற இடத்தச் சத்தமா படிங்க."

வைரவன் படித்தார். மஞ்சள் வளையம் என்ற இடத்தில் குரல் இறங்கியது. சிட்டாளின் கை, மேசைமேல் கிடந்த குங்குமப் பொட்டலத்தின் மேல் போய் நின்றது.

"சிவப்பு மைக்கு மஞ்சள் வளையம் வராது" என்றார் புனிதன். "சந்தனத்துக்கு மேல குங்குமம் வச்சா வரும். வருஷா வருஷம் எங்க வீட்ல தபால் ரசீதுப் புத்தகத்துக்குக் கூட வச்சு விடுவாங்க. பெர்னார்ட், பைபிளுக்குக் கூடப் பொட்டு வைக்காத வீடு இது. ஆசிரியர் கையிலேர்ந்து நேரா உங்க கைக்கு வந்து, அன்னைக்கே அலமாரிக்குள்ள போன புத்தகம் எந்த சரஸ்வதி பூசைல உக்காந்துச்சு?"

"மைதான் அது. ஆபீஸ் மை."

"நீங்க அத உண்மையாவே மைன்னுதான் நெனச்சிருக்கீங்க. அதனாலதான் எழுதி வச்சிருக்கீங்க. நாப்பது வருஷம் செக்ரோல் வருகைப் புத்தகத்துல சிவப்பு மை போட்ட ஆளு, செவப்பா எதப் பார்த்தாலும் மையாத்தான் தெரியும். நானும் இந்த அட்டைய ஒன்பது வருஷமா படிக்கிறேன். எனக்கும் உறைக்கல. அந்தப் பொட்டலத்தப் பார்த்த பிறகுதான்."

"ஒரு கறைய வச்சு…"

"ரெண்டாவது குறை. தலைப்புப் பக்கம் மட்டும் அரை அங்குலம் கம்மி. அச்சகத்துல மொத்தக் கட்டையும் ஒரே வெட்டா வெட்டுவாங்க. ஒரு தாள் மட்டும் எப்படிக் குறையும்? அத வீட்ல வச்சு, ஸ்கேலும் பிளேடும் போட்டு வெட்டணும். மேல ஒரு நீள வரி இருந்துச்சுன்னு அக்கா சொல்றாங்க. அந்த வரியில அவங்க பேரு இருந்திருக்கும். அது இருந்தா, எனக்கு நேர்ல குடுத்தாருன்னு நீங்க எழுத முடியாது."

தாயம்மா பெர்னார்டைப் பார்த்தார். முதல்முறையாக நேராக.

"சேமநிதிப் பாரத்துக்குன்னு வாங்கிட்டுப் போனது" என்றார் மெதுவாக.

"எழுபத்தொம்பதுல இங்க சின்னக் கிராணி யாரு?" என்று கேட்டார் புனிதன். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "ஒம்பது மணிக்குப் புத்தகம் ஸ்டாண்டுல இருக்கு. ஒம்பது பத்துக்கு, தாயம்மாவக் கூட்டிட்டு வர்றேன்னு போன் வருது. பொட்டு வச்ச கை வந்து அந்த அட்டையத் தொடப் போவுது. பத்து மணி வரைக்கும் நீங்க உள்ள, கதவு பூட்டு. பத்து நாப்பதுக்குக் கதவத் தொறந்து விடுறீங்க, இத்தன வருஷத்துல தொறந்து விட்டதே இல்ல. அந்த நாற்காலிய அங்க போட்டது யாரு?"

"அப்பாதான்" என்றான் ஆரோன்.

"சரி, நான் எடுத்தேன்னே வச்சுக்க. எங்க இருக்கு? காட்டு." பெர்னார்டின் குரலில் இன்னும் அலுவலக மேசை இருந்தது.

"நீங்க அத எரிக்க மாட்டீங்க. தோட்டத்துல புதைக்கவும் மாட்டீங்க, ஈரம். கட்டிலுக்கடியில வைக்க மாட்டீங்க, கரப்பான். இந்த வீட்ல நீங்க ஒரு புத்தகத்த நம்பி வைக்கிற எடம் ஒன்னே ஒன்னுதான். இராஜமாணிக்கம் கதையில வர்ற மாதிரி பெரட்டுப் பார்த்தேன். அட்டை இருநூத்திப் பன்னெண்டு. ஒன்னு தொலைஞ்சு போச்சு. அப்ப நிக்க வேண்டியது இருநூத்திப் பதினொன்னு. நிக்கிறது இருநூத்திப் பன்னெண்டு. கீழ்த்தட்டு, வலது பக்கம் ஏழாவது. பழுப்பு உறை புதுசு, மடிப்பு இன்னும் கூராத்தான் இருக்கு. எல்லாத்துக்கும் பென்சில்ல நம்பர் இருக்கு, அதுக்கு மட்டும் இல்ல. பொய் நம்பர் போட உங்களுக்குக் கை வரல. ஆரோன், எடுத்துட்டு வா."

ஆரோன் எழுந்தான். அப்பாவைப் பார்க்காமல் உள்ளே போனான். திரும்பி வந்து, பழுப்பு உறையை மேசைமேல் வைத்துப் பிரித்தான். செவ்வாயின் சிவப்பு மண், வரிசையாக நிற்கும் மனித உருவங்கள். வலது மேல் மூலையில், பட்டாணி அளவில், மங்கிய சிவப்புக் கறை.



"நான் எடுக்கலன்னா கரையான் தின்னிருக்கும்" என்றார் பெர்னார்ட். யாரிடம் சொல்கிறார் என்று தெரியவில்லை. "தொழிலாளிங்க லயத்து வீடு. ஒழுகுற கூரை. இவங்களுக்குப் படிக்கக்கூடத் தெரியாது. இருநூறு அடிச்சதுல மீதி எங்க, சொல்லுங்க பார்க்கலாம்? அடுப்புக்குப் போச்சு, பொட்டலம் மடிக்கப் போச்சு. நாப்பத்தாறு வருஷம் நான் காப்பாத்தினேன். இராஜமாணிக்கம்னு ஒருத்தன் எழுதினான்னு இன்னைக்கு யாருக்காச்சும் தெரியுதுன்னா என்னாலதான்."

அதில் பொய் எதுவும் இல்லை. 

"அதெல்லாம் நான் கேக்கல" என்றார் தாயம்மா. "மேல என்ன எழுதிருந்துச்சு, கிராணி?"

ஐயா என்று சேர்க்கவில்லை. பெர்னார்ட் அதைக் கவனித்தார்.

"ஒரு வரி."

"என்ன வரி?"

"ஞாபகம் இல்ல."

"இருநூத்திப் பன்னெண்டு புத்தகம், எந்த வருஷம், எத்தன பிரதின்னு பார்க்காம சொல்லுவீங்க" என்றார் வைரவன். "இந்த ஒரு வரி ஞாபகம் இல்லயா?"

"வெட்டின துண்டு எங்கப்பா?" என்று கேட்டான் ஆரோன்.

"அன்னைக்கே குப்பையில போட்டேன். கையெழுத்துதான முக்கியம். மேல யாருக்கோ எழுதினது…" பெர்னார்ட் நிறுத்தினார். நெற்றியைச் சுருக்கி, நிஜமாகவே யோசித்துப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. அவர் மறைக்கவில்லை. 1979இல் அந்த வரியை அவர் பார்த்தார், அது எந்த இடத்தில் முடிகிறது என்று அளந்தார், வெட்டினார். படித்திருந்தாரா என்பதே அவருக்கு இப்போது நிச்சயமில்லை.

தாயம்மா புத்தகத்தைத் திறந்து தலைப்புப் பக்கத்துக்கு வந்தார். மேல் விளிம்பில் விரலை வைத்து, ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை மெதுவாகத் தடவினார். வெட்டு நேராக இருந்தது. கையெழுத்தைத் தொடவில்லை.

சிட்டாள் பொன்னாடைப் பொட்டலத்தை மேசைக்கடியில் தள்ளிவிட்டு எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றார். "நான் உங்க பையில கை வச்சது தப்புங்க" என்றார்.

"நீங்க என்ன செய்வீங்க தாயி."

குங்குமப் பொட்டலம் பைக்குள் போனது. சந்தனக் கட்டை போனது. கடைசியாகப் புத்தகம். பாதி பன்னுக்கும் மாத்திரை அட்டைக்கும் நடுவில் அது நுழைவதைப் பார்த்துக்கொண்டிருந்த பெர்னார்டால் அடக்க முடியவில்லை.

"பிளாஸ்டிக் ஒன்னு தர்றேன். வெயில் படாம வைங்க. மூலை மடங்கிடும்."

 12.10க்கு வைரவனின் கார் எண்ணெய்ச் செம்பனை வரிசைகளுக்கு நடுவே இறங்கிப் போனது. தாயம்மா போலீஸ் வேண்டாம் என்று மட்டும் சொல்லியிருந்தார்.

செப்டம்பர் 29, திங்கட்கிழமை. காலை 8.30. மந்தினில் புனிதன் வீட்டில் தொலைபேசி அடித்தது.

"நூலகத்துக்கு எழுதப் போறியாமே. வைரவன் சொன்னாரு."

"ஆமா."

"எண் ஒன்ன லிஸ்ட்லேர்ந்து எடுத்துடுறேன். மீதி இருநூத்திப் பதினொன்னு நான் காசு குடுத்து, முறையா வாங்கினது. ரசீது இருக்கு. அந்த ரூமுக்கு என் பேரு வைக்கிறாங்க புனிதன். இந்த வயசுல எனக்கு வேற என்ன இருக்கு?"

"மகன் இருக்கானே."

"ராத்திரியே கெளம்பிப் போயிட்டான்."

புனிதன் ரிசீவரை மறு காதுக்கு மாற்றினார். ஒன்பது வருடம் மாதம் ஒரு ஞாயிறு, அந்த மேசையில் டீ குடித்தவர். "நேத்து அந்தம்மாவுக்குப் போலீஸ் கூப்பிடச் சொன்னீங்க பெர்னார்ட்" என்றார். வைத்துவிட்டார்.

கடிதத்தை அவர் எண் போட்டு எழுதினார். ஒன்று: பட்டியலில் எண் 1 ஆக உள்ள பிரதி, காலஞ்சென்ற ஆசிரியர் தம் மனைவி தாயம்மாளுக்குக் கையெழுத்திட்டுக் கொடுத்தது. இரண்டு: 1979இல் சேமநிதி மனுவுக்குக் கையெழுத்துச் சான்றாகப் பெறப்பட்டுத் திருப்பித் தரப்படவில்லை. மூன்று: நேற்று உரியவரிடம் ஒப்படைக்கப்பட்டது, சாட்சிகள் கீழே. நான்கு: தலைப்புப் பக்கத்தின் மேற்பகுதி வெட்டப்பட்டுள்ளது, அதில் ஆசிரியர் எழுதியிருந்தது…

அங்கே பேனா நின்றது. மம்பாவுக்குத் தொலைபேசி போட்டார். மருமகன் எடுத்துக் கொடுத்தான்.

"தாயம்மாக்கா, அந்த வரி. ஒரு சொல்லாவது, அவரு வாயால சொன்னது ஏதாவது நினைவுல இருக்கா? நூலகத்துல பதிவு பண்ணுவாங்க."

"அவரு சிரிச்சதுதான் தம்பி தெரியும்."

"சும்மா உங்க பேரு மட்டும் இருந்ததுன்னு எழுதட்டுமா?"

"பேரு மட்டும் இல்ல. நீளமா இருந்துச்சு." என்றார் தாயம்மா. "தெரியாதுன்னே எழுதுங்க. அவரு எழுதாதத எழுதிடாதீங்க."

புனிதன் எழுதினார்: 'எழுதியிருந்தது தெரியவில்லை. தெரிந்தவர் எவரும் இப்போது இல்லை.' கீழே கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, வைரவனின் கையெழுத்துக்குக் கோடு இழுத்தார். சிரம்பானுக்குப் பஸ் ஏறி அதை வாங்கிக்கொண்டு திரும்பும்போது மணி மூன்றே கால்.

மந்தின் தபால் நிலையத்தில், முன்பு அவர் நின்ற கவுண்டரில் இப்போது ராதா என்ற இளம்பெண். "பதிவா அனுப்பணுமா அங்கிள்?"

"பதிவா."

கடிதத்தை மூன்றாக மடித்து உறைக்குள் வைத்தார். கோந்துக் குச்சியால் மடிப்பின் ஓரம் முழுதும் தடவி, கட்டைவிரலால் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை அழுத்தினார். ராதா எடை போட்டு, பட்டைக்கோடு போட்ட ஒட்டுத்தாளை ஒட்டி, முத்திரை குத்தினாள். மூன்று இருபத்தெட்டு. உறை அவள் பின்னால் இருந்த சாக்குக்குள் விழுந்தது. புனிதன் ரசீதை வாங்கி, எண்ணைச் சரிபார்த்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார்.